பதிவேடு சொன்ன பெயர்

குருமடத்தில் நாங்கள் லத்தீன் பயின்ற நாட்களில், இம்மொழி இனி எதற்கு உதவப்போகிறது என்று முணுமுணுக்காத மாணவன் ஒருவனும் இல்லை. திருப்பலி தமிழுக்கு வந்து ஆண்டுகள் பலவாகிவிட்டன. செபநூல்களும் தமிழில் வந்துவிட்டன. வினைத்திரிபுகளை உருப்போட்டு, தேர்வில் ஒருவாறு தேறி, இலக்கண நூலைப் பரண்மேல் போட்டவர்களுள் நானும் ஒருவன். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, கடல்களுக்கு அப்பால், கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமையன்றி வேறொன்றும் காணாத சமவெளியில், எண்பத்திரண்டு வயதுடைய விவசாயி ஒருவர் அந்த லத்தீனை நாடி என் கதவைத் தட்டுவார் என்று யார் நினைத்திருக்க முடியும்?

2011 முதல் 2014 வரை அமெரிக்க நாட்டின் கான்சாஸ் மாநிலத்தில் துணைப் பங்குத்தந்தையாகப் பணியாற்றினேன். குருக்கள் குறைந்துவிட்ட அந்நாட்டுச் சிற்றூர்ப் பங்குகளுக்கு நம் மறைமாவட்டங்களிலிருந்து குருக்கள் சென்று வருவதை வாசகர்கள் அறிவர். எனக்கு வாய்த்தது எல்லிஸ் மாவட்டம். மரம் அரிதான புல்வெளி நாடு அது. வானம் நம் ஊரில் இருப்பதைவிட அங்கே பெரியதோ என்று முதல் வாரம் முழுதும் எனக்கு ஐயம். வேலிக்கு நாட்ட மரம் கிடைக்காமையால், நிலத்தின் மேற்பரப்பை ஒட்டி, ஓரடிக்கும் குறைந்த கனத்தில் படிந்து கிடக்கும் சுண்ணாம்புப் பாறையை நீளநீளமாகப் பெயர்த்தெடுத்து, தூண்களாக நட்டு, முட்கம்பி கட்டியிருக்கிறார்கள். வெட்டும்போது மென்மையாயிருந்து, காற்றுப் பட்டபின் இறுகிவிடும் கல் அது. நூறு ஆண்டு கடந்த அத்தூண்கள் இன்றும் சாலையோரங்களில் நிற்கின்றன.

என் முதல் ஞாயிறு பூசை முடிந்து கோவில் வாசலில் நின்றபோது, என்னிடம் கை கொடுத்தவர்களின் பெயர்கள் யாவும் ஜெர்மானியப் பெயர்களாயிருந்தன. "உங்கள் முன்னோர் ஜெர்மனியிலிருந்து வந்தவர்களோ?" என்று ஒருவரைக் கேட்டேன். "இல்லை ஃபாதர், ரஷ்யாவிலிருந்து" என்றார். "அப்படியானால் நீங்கள் ரஷ்யரோ?" என்றதற்கு, பக்கத்தில் நின்ற மூதாட்டி ஒருவர் சினத்தோடு, "நாங்கள் ஜெர்மானியர்!" என்றார். ஒன்றும் விளங்காமல் விழித்தேன். அந்த விழிப்பைக் கண்டு சிரித்தவாறு முன்வந்து, பின்னர் பல மாலைப் பொழுதுகளில் எனக்கு அவ்வரலாற்றைச் சொல்லி விளக்கியவரே மேற்சொன்ன பெரியவர். அவருடைய குடும்பப் பெயரை ஈண்டு எழுதேன். அவர்தம் மக்கள் இன்றும் அவ்வூர்ப் பக்கம் வாழ்கின்றனர்.

அவர் சொன்னதன் சுருக்கம் இது. 1756 முதல் 1763 வரை நடந்த ஏழாண்டுப் போரினால் ஜெர்மானிய நாடுகள் பல சீரழிந்து கிடந்தன. பயிர் இல்லை, வரி மட்டும் இருந்தது. அவ்வேளையில், 1763 ஜூலையில், பிறப்பால் தாமும் ஜெர்மானியரான ரஷ்யப் பேரரசி இரண்டாம் கத்தரீன் ஓர் அறிக்கை வெளியிட்டார். என் நாட்டில் தரிசு நிலம் உண்டு, வாருங்கள். உங்கள் மதத்தை நீங்கள் கைக்கொள்ளலாம். சில ஆண்டுகளுக்கு வரி இல்லை. உங்கள் பிள்ளைகளைப் படைக்கு அழைக்கமாட்டோம் என்பது அதன் சாரம். நம்பிப் புறப்பட்டவர் ஏறத்தாழ 30,000 பேர். வால்கா நதியின் இரு கரைகளிலும், சராத்தவ் நகரை அடுத்து, நூறுக்கு மேற்பட்ட ஊர்களை அவர்கள் அமைத்தனர். கத்தோலிக்கருக்கு ஓர் ஊர், லூத்தரன் சபையாருக்கு வேறோர் ஊர் என்று தனித்தனியே வாழ்ந்தனர். நூறாண்டுக் காலம் ரஷ்ய மண்ணை உழுதும், வீட்டிலும் கோவிலிலும் ஜெர்மன் மொழியே பேசினர்.

1874-இல் ரஷ்ய அரசு கட்டாய இராணுவச் சேவைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. என்றைக்கும் இல்லை என்று பேரரசி கொடுத்த வாக்கு ஒரு நூற்றாண்டோடு முடிந்தது. பிள்ளை பெற்ற தாய்மார்க்கு வேறு காரணம் வேண்டுமோ? ஊர்கள் தங்களுள் சிலரைத் தேர்ந்து அமெரிக்காவைப் பார்த்துவர அனுப்பின. 1875-இன் இறுதியில் முதற்குழு கப்பலேறிப் பால்ட்டிமோர் துறைமுகத்தில் இறங்கியது. இரயிலில் கான்சாஸின் தலைநகராகிய டொப்பீகாவுக்கு வந்து குளிர்காலத்தைக் கழித்தது. 1876-இல் எல்லிஸ் மாவட்டத்தையும் அதனை அடுத்த பகுதியையும் அடைந்தது. ஹெர்சாக், காத்தரீன், மன்ஜோர், லீபந்தால் என்று அவர்கள் புல்வெளியில் அமைத்த ஊர்களுக்கெல்லாம் வால்கா ஊர்களின் பெயர்களையே இட்டனர். ஜெர்மனியின் பெயரை ஓர் ஊருக்கும் இட்டாரில்லை. நூறாண்டில் எது பிறந்த மண்ணாகிவிட்டது என்று பாருங்கள்.

அந்நாட்டின் 1862-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஐந்தாண்டு குடியிருந்து பயிரிடுவோர்க்கு 160 ஏக்கர் நிலம் உரிமையாகும். மற்றைய அமெரிக்க உழவர்கள் அவரவர் நிலத்தின் நடுவே தனி வீடு கட்டி, அண்டை வீட்டுப் புகையைக்கூடக் காணாமல் வாழ்ந்தபோது, இவர்கள் மட்டும் நிலம் எங்கோ கிடக்க, வீடுகளை ஊராகச் சேர்த்துக் கட்டினார்கள். ஊர் நடுவே பெரிய மரச்சிலுவை ஒன்றை நாட்டி, குரு இல்லாத ஞாயிறுகளில் அதனடியில் கூடிச் செபித்தார்கள். எரிக்க விறகு இல்லாமையால் மாட்டுச் சாணத்தையும் வைக்கோலையும் மிதித்துக் கலந்து, காயவைத்து, செங்கல்போல் அறுத்து அடுக்கினார்கள். "நாற்றம் பிடித்த வழக்கம் என்று ஆங்கிலேயர்கள் எங்களைக் கேலி செய்தார்களாம்" என்று பெரியவர் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, எங்கள் வீட்டுச் சுவரில் என் தாயார் தட்டிய வறட்டியைப் பற்றி அவருக்குச் சொன்னேன். அன்று முதல் எங்களிடையே உறவு நெருங்கிற்று எனலாம்.

பக்கத்திலேயே 1873-இல் பிரிட்டனிலிருந்து வந்தவர்கள் விக்டோரியா என்னும் ஊரைத் தொடங்கியிருந்தனர். உயர்சாதி மாடுகளோடு வந்த செல்வர்கள் அவர்கள். வேட்டையும் விருந்தும் அறிந்திருந்தனர், வறட்சியை அறிந்திலர். சில ஆண்டுகளில் பெரும்பாலோர் போய்விட்டனர். பெயரை மட்டும் விட்டுச் சென்றனர். அந்த விக்டோரியாவில் இன்று நிற்கும் புனித பிதேலிஸ் ஆலயம், மேற்சொன்ன சாண விறகுக்காரர்கள் கட்டியது. 1908 முதல் 1911 வரை கட்டினார்கள். பங்கில் நற்கருணை வாங்கும் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 45 டாலர் தர வேண்டும், ஆறு வண்டி கல் கொண்டுவர வேண்டும் என்பது ஏற்பாடு. கல் வெட்டுமிடம் ஏழு மைல் தொலைவு. வீட்டில் பத்துப் பேர் இருந்தால் அறுபது வண்டி! பிள்ளைகள் பலரைப் பெற்ற வீட்டார்க்கே சுமையும் பெரிதாயிற்று. அதனையே பெருமையாகவும் கொண்டனர். 141 அடி உயர இரட்டைக் கோபுரங்கள் பல மைலுக்கு அப்பாலிருந்தே தெரியும். 1,100 பேர் அமரலாம். 1912-இல் அவ்வழி வந்த அரசியல்வாதி வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் அதனைச் ‘சமவெளியின் பேராலயம்’ என்றழைத்தார். இன்றும் அப்பெயரே வழங்குகிறது. 2014-இல், நான் திரும்பிய ஆண்டிலேயே, திருத்தந்தை அதற்குப் பசிலிக்கா என்னும் சிறப்பை அளித்தார்.

பெரியவரின் பேச்சு எங்கு தொடங்கினும் அந்தக் கல்லில்தான் வந்து முடியும். "என் பாட்டனார் கல் சுமந்தவர், ஃபாதர். அவர் தகப்பனாரும் எழுபது வயதில் வண்டி ஓட்டினார். இந்த இரத்தத்தில் அந்தக் கல்லின் தூசி இருக்கிறது" என்பார். பாட்டனார் 1871-இல் வால்காக் கரையில் பிறந்து, ஐந்து வயதில் கான்சாஸ் வந்தவர். 1945-இல் அவர் இறக்கும்போது பெரியவருக்குப் பதினான்கு வயது. முகம் நன்றாக நினைவிருந்தது. பெரிய மீசை, புகைக்குழாய், பேச்சு குறைவு.

2013 வசந்தகாலத்தில் ஒரு நாள், பெரியவர் காகிதக்கட்டு ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். பழைய ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளின் ஒளிநகல்கள் அவை. 1878 முதல் அப்பகுதியில் பணியாற்றிய கப்புச்சின் துறவிகள் காலத்துப் பதிவேடுகள், யாவும் லத்தீன், அதிலும் கையெழுத்து. அறுவடை முடிந்து ஜூலையில் குடும்பத்தார் அனைவரும் கூடவிருந்தனர். அப்போது படிப்பதற்குக் குடும்ப வரலாற்றை ஒரு தாளிலும், வமிச வரிசையை மற்றொரு தாளிலும் எழுதித் தருமாறு கேட்டார்.

"இந்த ஆண்டுதான் எழுத வேண்டும்" என்றார். ஏன் என்று கேட்டபோது, நிலத்தை விற்கப்போவதாகச் சொன்னார். 160 ஏக்கர் கொண்ட பகுதிகள் மூன்று அவருக்கு இருந்தன. மனைவி இறந்து ஆறு ஆண்டுகள். புதல்வர் இருவரும் தொலைவிலுள்ள நகரங்களில் அலுவலில் இருந்தனர்; ஏலத்தில் விட்டுவிடுங்கள் அப்பா என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். மகள் அருகிலுள்ள ஹேஸ் நகரில் ஆசிரியை. பிள்ளைப்பேறு இன்மையால் அவர் ஒரு குழந்தையைத் தத்தெடுத்து வளர்த்திருந்தார். அப்பையனுக்கு அப்போது இருபது வயது. கோடை தோறும் பெரியவரின் நிலத்தில் வந்து கிடப்பான். அறுவடை இயந்திரத்தைப் பெரியவருக்கு அடுத்தபடியாக அறிந்தவன் அவனே. "அந்தப் பையனுக்கு உழவில் ஆசை இருக்கிறதே?" என்று கேட்டேன். பெரியவர் சற்று நேரம் சன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு, "நல்ல பையன்தான். ஆனால் எங்கள் இரத்தம் இல்லையே" என்றார். அவர் கொடியவர் அல்லர். அப்பையனுக்குப் பிறந்தநாள் தோறும் பரிசு தவறாது கொடுப்பார். எனினும் அவனைப் பற்றிப் பேசுகையில் ‘என் மகளின் பையன்’ என்பாரே தவிர, ‘என் பேரன்’ என்று அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. வமிச வரிசையில் அவன் பெயரை எழுதலாகாது என்றும் சொன்னார்.

நான் மறுத்து ஒரு சொல் சொல்லியிருக்கலாம். வேற்று நாட்டான், அவர்கள் வீட்டுக் காரியம் என்று எண்ணி வாளாவிருந்தேன். அழகான கையெழுத்தில், அவன் பெயரை விட்டு, வரிசையை எழுதவும் எழுதினேன்.

மாலை தோறும் ஒளிநகல்களைப் பரப்பிக்கொண்டு உட்காருவேன். பரணில் போட்ட லத்தீன் மெல்ல மெல்ல இறங்கி வந்தது. ‘நாத்துஸ்’ என்றால் பிறந்தான். ‘பப்டிஸாத்துஸ்’ என்றால் ஞானஸ்நானம் பெற்றான். ‘பத்ரீனி’ என்றால் ஞானப் பெற்றோர். ‘செபுல்துஸ்’ என்றால் அடக்கம் செய்யப்பட்டான். முதல் சொல்லுக்கும் கடைசிச் சொல்லுக்கும் இடையே சில வீடுகளில் மூன்றே வாரம். பெரியவர் வேண்டிய பெயர் வரும் பதிவுகளை மட்டும் எடுத்தெழுதி, ஒரே தாளில் உடன் வந்த பிறர் பதிவுகளைப் புறக்கணித்தேன். பெரியவரின் முப்பாட்டனாருக்கு ஏழு பிள்ளைகள் ஞானஸ்நானப் பதிவிலும் குடும்பக் குறிப்பிலும் கிடைத்தனர். பாட்டனாரின் பெயர் மட்டும் கிடைக்கவில்லை. ரஷ்யாவில் பிறந்தவராதலின் இங்கே பதிவு இராது என்று சமாதானம் செய்துகொண்டேன். மற்றொரு மகனும் ரஷ்யாவில் பிறந்தவனாயிருந்தும் குடும்பக் குறிப்பில் அவன் பெயர் இருந்ததைக் கவனித்தும், அதனைப் பெரிதாகக் கொண்டேனில்லை.

மே மாத இரவொன்றில் சூறாவளி எச்சரிக்கைச் சங்கு ஊதியது. அங்கே அதைக் கேட்டதும் நிலவறைக்குள் இறங்கிவிட வேண்டும். கைவிளக்கோடு காகிதக்கட்டையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். மேலே காற்று உறுமிக்கொண்டிருந்தது. வேறு வேலையில்லாமல் ஒவ்வொரு தாளையும் முதலிலிருந்து, பிறர் பதிவுகளையும் விடாமல் வாசிக்கத் தொடங்கினேன். 1894-ஆம் ஆண்டுத் திருமணப் பதிவு ஒன்றில் கண் நின்றது. மணமகளின் பெயர் பெரியவரின் பாட்டியார் பெயர். ஆனால் மணமகனின் குடும்பப் பெயர் வேறு. அதன் கீழே, சிறிய எழுத்தில், குருவானவர் எழுதியிருந்ததன் பொருள் இது: இன்னாருக்கும் இன்னாருக்கும் பிறந்த மகன், பெற்றோர் இருவரும் மரித்தோர், சிறுவயது முதல் இன்னாருடைய இல்லத்தில் வளர்ந்து, அவர் பெயரால் அழைக்கப்படுபவன். அந்த ‘இன்னார்’ பெரியவரின் முப்பாட்டனார்.

பிறகு நான் புறக்கணித்த பதிவுகளுக்கெல்லாம் திரும்பினேன். 1878-இல், அந்த வேற்றுப் பெயருடைய தம்பதியருக்கு ஒரு பெண்குழந்தை. ஞானப் பெற்றோர், முப்பாட்டனாரும் அவர் மனைவியும். அதே ஆண்டு அக்குழந்தை அடக்கம். 1879 பிப்ரவரியில் தகப்பன் அடக்கம். மார்ச்சில் தாய் அடக்கம், வயது இருபத்தெட்டு. நோய் இன்னதென்று எழுதவில்லை. எஞ்சியவன் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன். இறந்த தங்கைக்கு ஞானத்தாயாக நின்ற அம்மையார், அண்ணனைக் கைப்பிடித்து வீட்டுக்கு அழைத்துச் சென்றிருக்கிறார். அவ்வீட்டில் ஏற்கெனவே ஏழு பிள்ளைகள். புல் மண்கட்டிகளை அடுக்கிக் கட்டிய வீடாயிருந்திருக்கலாம். வெட்டுக்கிளியும் வறட்சியும் வந்துபோன காலம் வேறு.

சூறாவளி எங்கள் ஊரைத் தொடாமல் போய்விட்டது. நான்தான் நெடுநேரம் மேலே ஏறாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

இதைச் சொல்வதா, விடுவதா? எண்பத்திரண்டு வயது, பலவீனமான இதயம், இன்னும் ஐந்தாறு வாரத்தில் விழா. அவர் தம் பெருமையையெல்லாம் ஏற்றிவைத்திருக்கும் அந்த இரத்தத்தை நான் ஏன் கலைக்க வேண்டும்? மறுபுறம், அந்தப் பையனின் முகம் என் கண்முன் வந்து நின்றது. ஆனால் அவனுக்காக இவரிடம் இதைச் சொன்னால், ஓர் உண்மையைக் கருவியாக்கி ஒரு கிழவரை அடிப்பதாகாதோ என்றும் அஞ்சினேன். மேய்ப்புப்பணி இயலில் இதற்கு யாரும் எனக்குப் பாடம் நடத்தியிருக்கவில்லை. இப்படியே மூன்று வாரம் ஒத்திப்போட்டேன். விவேகம் என்று அப்போது அதற்குப் பெயரிட்டேன். பெரும்பகுதி கோழைத்தனமே என்று இப்போது தோன்றுகிறது.

ஜூன் மாதம், கோதுமை பொன்னிறமாகி, அறுவடைக்கு நாள் பார்த்திருந்த ஒரு மாலை, அவர் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருந்தோம். முட்டைக்கோசும் மாட்டிறைச்சியும் வைத்துச் சுட்ட ‘பீராக்’ என்னும் அவர்கள் ஊர் ரொட்டியைத் தட்டில் வைத்தார். நான் தாளை அவர் முன் வைத்து, வரிக்கு வரி விரல் வைத்து, மொழிபெயர்த்துச் சொன்னேன்.

அவர் ஒன்றும் பேசவில்லை. வேற்றுப் பெயரை இருமுறை உதடசைத்துச் சொல்லிப் பார்த்தார். பின் எழுந்து உள்ளே சென்று ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்தார். அப்பெட்டியை முன்னரே எனக்குக் காட்டியிருக்கிறார். பாட்டனாருக்கு ரஷ்யாவிலிருந்து வந்த கடிதங்கள், பழைய ஜெர்மன் கையெழுத்து, அவ்வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஏன் தெரியாமற்போயிற்று என்பதும் ஒரு கதை. முதல் உலகப்போரில் அமெரிக்கா ஜெர்மனியை எதிர்த்து நின்றபோது, அந்நாட்டு ஜெர்மானியர் மொழி சந்தேகத்துக்குரிய பொருளாயிற்று. 1918-இல் அயோவா மாநில ஆளுநர், பொது இடங்களிலும் தொலைபேசியிலும் வழிபாட்டிலும் ஆங்கிலமன்றிப் பிற மொழி பேசலாகாது என்று பிரகடனமே செய்தார். கான்சாஸை அடுத்த நெப்ராஸ்காவில், 1920-இல் ராபர்ட் மேயர் என்னும் சமயப்பள்ளி ஆசிரியர் பத்து வயதுச் சிறுவனுக்கு விவிலியக் கதையை ஜெர்மன் மொழியில் வாசிக்கக் கற்பித்ததற்காக 25 டாலர் அபராதம் விதிக்கப்பட்டார். 1923-இல் உச்ச நீதிமன்றம் அத்தண்டனையை நீக்கியது. நீதி கிடைத்தது, ஆனால் பயம் போகவில்லை. பெரியவரின் தகப்பனார் தம் பிள்ளைகளுக்கு ஜெர்மன் எழுத்தைக் கற்பிக்கவேயில்லை. பேச்சு மட்டும் அடுப்பங்கரையில் சிறிது காலம் உயிர்வாழ்ந்தது.

பெரியவர் ஓர் உறையை எடுத்து மூக்குக்கண்ணாடி வழியாகப் பார்த்தார். அனுப்புநர் பெயர் தெளிவான எழுத்தில் இருந்தது. பதிவேட்டில் கண்ட அதே பெயர்.

"யாரோ பழைய அயலார் என்று நினைத்திருந்தோம்" என்றார். "கடிதம் வந்தால் பாட்டனார் அதை எடுத்துக்கொண்டு தானியக் கொட்டகைக்குப் போய்விடுவார். எங்களை அருகில் விடமாட்டார். புகைபிடிக்கப் போகிறார் என்று பாட்டி சொல்வாள்."

கடைசி உறையில் 1936 என்ற முத்திரை இருந்தது. வால்காக் கரையில் தங்கிவிட்டவர்களின் முடிவை வரலாறு அறியும். 1921, 1922-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் பெருந்தொகையினர் மாண்டனர். 1941 ஆகஸ்டு 28-ஆம் நாள் சோவியத் அரசு இட்ட ஆணையால் அவ்வூர்கள் அடியோடு காலியாக்கப்பட்டு, ஏறத்தாழ 4,00,000 பேர் சைபீரியாவுக்கும் கசக்ஸ்தானுக்கும் சரக்கு வண்டிகளில் ஏற்றப்பட்டனர். அந்த உறைகளை எழுதிய கை அவர்களுள் ஒன்றாயிருக்கலாம். அதற்கு முன்பே மடங்கியிருக்கவும் கூடும்.

"அவர் எனக்கு ஏன் சொல்லவில்லை?" என்று பெரியவர் கேட்டார். குரலில் துயரத்தைவிடக் கோபமே மிகுதி. "மடியில் உட்கார வைத்துக் கல் சுமந்த கதையெல்லாம் சொன்னாரே, இதை ஏன் சொல்லவில்லை?"

எனக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன்.

"நீங்கள் எத்தனை நாளாக அறிவீர்கள், ஃபாதர்?"

"மூன்று வாரமாக."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்படியானால் நீங்களும் என் பாட்டனாரைப் போன்றவர்தாம்" என்றார். அது பாராட்டு அன்று. நான் விடைபெற்றபோது வாசல்வரை வரவில்லை. அடுத்த ஞாயிறு பூசைக்கும் வரவில்லை. முப்பதாண்டில் அவர் தவறவிட்ட முதல் பூசை அதுவாயிருக்கும் என்று கோவில் பணியாளர் என்னிடம் சொன்னார்.

அறுவடை வந்தது. இரவு பகலாக இயந்திரங்கள் உறுமின. அங்கே அறுவடை என்றால் பேச்சு, வம்பு, வழக்கு யாவும் நின்றுவிடும். ஆலங்கட்டி விழுவதற்குள் தானியம் களஞ்சியம் சேர வேண்டும். பெரியவர் இயந்திரத்தை ஓட்டுவதாகவும், பையன் லாரியில் தானியம் ஏற்றிச் செல்வதாகவும் கேள்விப்பட்டேன். இருவரும் அத்தனை நாளும் என்ன பேசினார்கள் என்று அறியேன்.

ஜூலையில், குடும்ப விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, அவர் வந்தார். நான் எழுதித் தந்த வமிச வரிசைத் தாளை மேசைமேல் விரித்தார். மேலே, முப்பாட்டனாரின் பெயருக்குப் பக்கத்தில், பென்சிலால் வேறொரு தம்பதியரின் பெயர். அதனடியில் 1878-இல் இறந்த பெண்குழந்தையின் பெயர். கீழே, மகளின் பெயரடியில் நான் விட்ட வெற்றிடத்தில் பையனின் பெயர். எழுத்துகள் நடுங்கியிருந்தன. "இதைப் பார்த்து நல்ல கையெழுத்தில் மறுபடி எழுதித் தாருங்கள்" என்று மட்டும் சொன்னார். நான் எழுதினேன்.

எல்லாம் இனிதே முடிந்தது என்று வாசகர்கள் எண்ண வேண்டாம். மூன்று பகுதிகளில் இரண்டு அவ்வாண்டு இறுதியில் ஏலத்தில் போயின. ஏக்கர் விலை ஏறியிருந்த காலம். புதல்வர்களின் பேச்சிலும் நியாயம் இருந்தது. முப்பாட்டனார் முதன்முதல் பட்டா பெற்ற 160 ஏக்கரை மட்டும் பெரியவர் பையனுக்குக் குத்தகையாக விட்டார். அத்துணைச் சிறிய நிலத்தை நம்பி இன்றைய கான்சாஸில் எவரும் வாழ முடியாது. அவன் ஹேஸ் நகரில் வேறு வேலையும் பார்க்க வேண்டியிருந்தது. அண்ணன்மார் இருவரும் தங்கையோடு ஓராண்டு பேசாதிருந்தனர் என்றும் அறிந்தேன்.

நான் நாடு திரும்பு முன், 2014-இன் தொடக்கத்தில், பெரியவர் என்னைக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றார். முப்பாட்டனாரின் கல்லறைமேல் ஊர்க் கொல்லர் அடித்த பழைய இரும்புச் சிலுவை நின்றது. 1879-இல் அடக்கமான அந்த இளந்தம்பதியர் கிடக்குமிடம் யாருக்கும் தெரியாது. பழைய கல்லறைகள் புல்லோடு புல்லாய்ப் போயிருந்தன. ஆகவே ஓரமாக ஓரிடத்தைப் பங்கு நிர்வாகத்திடம் கேட்டு வாங்கியிருந்தார். மேய்ச்சல் நிலத்து வேலியிலிருந்து பையன் பிடுங்கிக் கொண்டுவந்த கல்தூண் ஒன்று அங்கே கிடந்தது. முட்கம்பி உராய்ந்த தடம் அதன் இடுப்பில் தெரிந்தது.

"பெயர் செதுக்க வேண்டும்" என்றார் பெரியவர். "ஒரு சிக்கல். ஞானஸ்நானப் பதிவில் ஒரு மாதிரி எழுதியிருக்கிறது. அடக்கப் பதிவில் ஓர் எழுத்து வேறு. எது சரி?"

குருக்கள் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள், இரண்டும் சரியாயிருக்கலாம், இரண்டும் பிழையாயிருக்கலாம் என்றேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து அந்த 1936-ஆம் ஆண்டு உறையை எடுத்துப் பையனிடம் நீட்டினார். "இதில் உள்ளபடி வெட்டு. இது அந்தப் பெயருடையவன் தன் கையால் எழுதியது."

பையன் உறையைக் கல்லின்மேல் வைத்து, காற்றில் பறக்காதபடி சுத்தியலை அதன் ஓரத்தில் வைத்துவிட்டு, முதல் எழுத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் வரையத் தொடங்கினான்.